வியாபாரக் கணக்கில் நிலையியல்பும் சென்ற வருஷத்தின் பலனும்

இரு மிராசுதார்களில் ஒருவர் ஏக்கருக்கு அதிக எரு இட்டு அதிக மகசூல் பெறுகிறார். அம்மிகுதி முழுவதும் எருவினால் உண்டாயிற்று என்று கூறலாகாது. அவருடைய நிலம் இயற்கையிலேயே வளமுள்ளதாயிருக்கலாம். அவர் மேற்பார்வையில் சிறந்தவராயிருக்கலாம். இவை கணக்குப் புஸ்தகத்தில் ஏறுவதில்லை. ஒரே நிலத்தின் மகசூலை வருஷந்தோறும் அந்நிலத்தின் சராசரியோடு ஒப்பிட்டால், மாறாத இயல்புகள் கழிந்து எருவின் பலன் தனியே விளங்கும். யாயிர் முண்ட்லாக் என்பவர் இஸ்ரேல் நாட்டுக் குடும்பப் பண்ணைகளின் கணக்குகளைக் கொண்டு 1961-ம் வருஷத்தில் இம்முறையை விளக்கினார்.

வியாபாரத்தில் இதன் உபயோகம்

தேசங்களின் வியாபாரமும் இத்தன்மையதே. பாஷை, கடற்கரை, பழைய சம்பந்தம், தூரம் ஆகியவை எளிதில் மாறா. ஆகையால் ஒவ்வொரு ஜோடித் தேசத்தையும் அதன் சொந்தச் சராசரியோடு ஒப்பிடுகின்றனர். ரூவன் கிளிக், ஆண்ட்ரூ ரோஸ் என்போர் 1948 முதல் 1997 வரையிலுள்ள கணக்குகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டனர். பொது நாணயமுள்ள ஜோடிகளை மற்றவற்றோடு ஒப்பிட்டபோது வியாபாரம் மூன்று மடங்குக்கு மேற்பட்டதாகத் தோன்றிற்று. ஒரே ஜோடியின் முன் நிலையையும் பின் நிலையையும் ஒப்பிட்டபோது அது ஏறக்குறைய இரு மடங்கே. ஆயினும் மாறாத தூரத்தின் பலனை இம்முறையால் அளக்க முடியாது.

இம்முறையில் உள்ள பிழை

வியாபாரம் சென்ற வருஷத்தையும் ஒட்டி நடப்பது. கிடங்கு, கப்பல் ஏற்பாடு, வாடிக்கை ஆகியவை ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஆகவே சென்ற வருஷ வியாபாரத்தையும் கணக்கிற் சேர்க்கின்றனர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒரு வருஷம் தற்செயலாக வியாபாரம் ஓங்கினால், அது அந்த ஜோடியின் சராசரியையும் உயர்த்திவிடும். மற்ற வருஷங்கள் சராசரிக்குத் தாழ்ந்தனவாகத் தோன்றும். இதனால் சென்ற வருஷத்தின் பலன் உண்மையினும் குறைவாகக் கணக்காகும். ஸ்டீபன் நிக்கல் இதை 1981-ல் கணித ரீதியாக நிரூபித்தார்.

உண்மைப் பலன் 0.50 என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷக் கணக்கில் அது சுமார் 0.17 ஆகவும், 10 வருஷத்தில் 0.34 ஆகவும், 30 வருஷத்தில் 0.45 ஆகவும் தோன்றும். தேசங்களை எத்தனை கூட்டினாலும் இப்பிழை தீராது. வருஷங்களைக் கூட்டினாலன்றிக் குறையாது.

இதனால் விளையும் நஷ்டம்

ஓர் உடன்படிக்கை முதல் வருஷத்தில் ஏற்றுமதியை 10 பங்கு உயர்த்துவதாகக் கொள்வோம். உண்மைப் பலன் 0.50 ஆனால், நாளடைவில் அவ்வுயர்வு 20 பங்காகும். 5 வருஷக் கணக்கின் 0.17-ஐ நம்பினால் 12 பங்கு என்றே முடிவு செய்வோம். நல்ல உடன்படிக்கை பயனற்றதென்று கைவிடப்படலாம். விளைபொருளை விற்போருக்கே அந்த நஷ்டம்.

பரிகாரங்கள்

1. கூடியவரை நீண்ட காலக் கணக்கைக் கொள்க.

2. சராசரியைக் கழிப்பதற்குப் பதிலாக, ஒரு வருஷத்திலிருந்து முந்திய வருஷத்தைக் கழித்து, அதற்கும் முந்திய வருஷங்களின் அளவைத் துணையாகக் கொள்ளலாம். ஆண்டர்சனும் சியாவும் 1981-ல் இதைக் காட்டினர். அரெல்லானோவும் பாண்டும் 1991-ல் விரிவாக்கினர். தற்செயல் ஏற்றத்தாழ்வுகள் ஒரு வருஷத்திலிருந்து மறு வருஷத்திற்குத் தொடராதிருந்தாலன்றி இது செல்லாது. வியாபாரம் வருஷத்திற்கு வருஷம் அதிகம் மாறாதிருப்பின் இத்துணையும் வலுவற்றதாகும்.

3. நிலையியல்பைக் கழிக்காத கணக்கு பலனை மிகைப்படுத்தும். கழித்த குறுகிய காலக் கணக்கு குறைக்கும். உண்மை பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையிலிருக்கும். புது முறையின் விடை இவ்வெல்லைக்கு வெளியே விழுந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகையால் ஒருவர் வியாபாரக் கணக்கைக் காட்டி யோசனை கூறினால், "எத்தனை தேசம்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எத்தனை வருஷம்?" என்றும் கேட்பது அவசியம். நிலத்தின் குணம் ஒரு போகத்தில் தெரியாதது போலவே, வியாபாரத்தின் போக்கும் சில வருஷங்களில் தெளிவாவதில்லை.