கைதட்டலுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது?

கேள்வி: எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் நிகழ்ச்சி நடத்தினார்கள். பிள்ளைகள் ஆரவாரமாக ரசித்தார்கள். அது மனதில் நின்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஓர் ஆசிரியை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு 1980 முதல் கலா ஜாதா எனும் கலைப் பயணமாக அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோன மண்ணிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆரவாரத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் குழுவினர் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, செய்முறையை வெறுமனே பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்னதாகவே ஊகித்துச் சொன்னவர்களுக்குத்தான் தெளிவு கூடியது.

அடுத்த முறை, தண்ணீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்க்கும் முன், "தண்ணீர் கொட்டுமா, ஏன்?" என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்காமல், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஏன் உறிஞ்ச முடியவில்லை என்று கேளுங்கள். காற்றழுத்தம் புரிந்த பிள்ளை பதில் சொல்லும். வேடிக்கை மட்டும் பார்த்த பிள்ளை திணறும். நிகழ்ச்சியைப் பார்க்காத வகுப்பிடமும் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

நிகழ்ச்சி மலையாளத்தில் நடந்திருந்தாலும் கேள்வி தமிழில் இருக்கட்டும். இல்லையேல் மொழித்திறனைத்தான் அளப்பீர்கள். மூணாறு, பீருமேடு தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு செய்து பாருங்கள்.