தண்டவாளங்களுக்கு இடையே ஒரு காடு

‘கைவிடப்பட்ட நிலம்’ என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? இடிந்த சுவர், துருப்பிடித்த இரும்பு, முட்புதர். அத்தகைய இடத்தைப் பயனற்றது என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் உள்ள ஓர் இடமோ, அந்த எண்ணம் சரிதானா என்று நம்மை யோசிக்க வைக்கிறது.

பெர்லினின் தெற்குப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு பெரிய சரக்கு ரயில் நிலையம் கட்டப்பட்டது. ரயில் பெட்டிகளைப் பிரித்து, அவை செல்லவேண்டிய ஊருக்கு ஏற்ப மீண்டும் இணைக்கும் வேலை அங்கு நடைபெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி பிளவுபட்டது. பெர்லின் நகரமும் கிழக்கு, மேற்கு என இரண்டானது. இதில் ஒரு விந்தையான நிலை உருவானது. ரயில் நிலையம் இருந்தது மேற்கு பெர்லினில். ஆனால், நகரின் ரயில் சேவையை நடத்தியது கிழக்கு ஜெர்மனியின் ரயில் நிர்வாகம். 1952ஆம் ஆண்டில் நிலையத்தின் பணி நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்த நிலத்தின் பெரும்பகுதி பயன்பாடின்றிக் கிடந்தது. 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது பிரிவினை மேலும் இறுகியது.

மனிதர்கள் விலகிய இடத்திற்குச் செடிகள் வந்தன. காற்று பிர்ச் மரத்தின் சிறு விதைகளைக் கொண்டுவந்தது. பறவைகளும் விதைகளைப் பரப்பின. சரக்குப் பெட்டிகளிலிருந்து முன்பே சிந்தியிருந்த விதைகளும் முளைத்தன. சத்துக் குறைந்த சரளைக் கல்லிலும் மணலிலும்கூட அவை வேரூன்றின. முதலில் புல்லும் பூண்டும் வளர்ந்தன; பிறகு மரங்கள் ஓங்கின. 1981இல் நிலத்தின் ஏறத்தாழ 37 விழுக்காட்டை மரங்களும் புதர்களும் மூடியிருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது.

அக்காலத்தில் மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனியால் சூழப்பட்ட ஒரு தீவுபோல் இருந்தது. தாவரவியல் அறிஞர்கள் அருகிலிருந்த கிராமப்புறங்களுக்கு எளிதில் சென்று ஆய்வு செய்ய இயலவில்லை. எனவே, ஹெர்பர்ட் சுக்கோப் போன்ற அறிஞர்கள் நகரத்தையே தங்கள் ஆய்வுக்களமாகக் கொண்டனர். போரில் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளிலும் சாலை ஓரங்களிலும் வளர்ந்த செடிகளை அவர்கள் கணக்கெடுத்தனர். நகரத்திற்கும் தனக்கெனத் தனி இயற்கை உண்டு என்பதை அவர்களின் ஆய்வுகள் உணர்த்தின.

பழைய நிலையம் இருந்த இடத்தில் புதிய சரக்கு ரயில் நிலையம் கட்டத் திட்டமிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் மரங்கள் வெட்டப்பட்டிருக்கும். 1980களில் குடிமக்கள் குழுவாக ஒன்றுசேர்ந்து அத்திட்டத்தை எதிர்த்தனர். ரயில் நிலையமும் நகரத்திற்குத் தேவையானதுதான். ஆயினும், தானாக உருவான காட்டை அழித்துவிட்டால் அதை மீண்டும் அப்படியே உருவாக்க முடியாது என்பதே அவர்களின் கவலை. 1989இல் சுவர் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜெர்மனி ஒன்றிணைந்தது. அதன்பின் நடந்த பெரிய ரயில் கட்டுமானப் பணிகளால் ஏற்பட்ட இயற்கை இழப்புக்கு ஈடாக, இந்த நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 18 ஹெக்டர் பரப்புள்ள ‘ஷோனபெர்க் சூட்கெலண்டே’ இயற்கைப் பூங்கா 2000ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆனால், பாதுகாப்பதும் எளிதாக இல்லை. மரங்களை அப்படியே வளரவிட்டால், வெயிலை நாடும் புற்களும் அவற்றை நம்பி வாழும் தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் மறைந்துவிடும். மரங்களை வெட்டினாலோ, தானாக வளர்ந்த காடு என்ற சிறப்பு போய்விடும். ஆகவே, ஒரு நடுவழி காணப்பட்டது. சில பகுதிகளில் இளமரங்களை அகற்றித் திறந்த புல்வெளியைக் காத்தனர். மற்றப் பகுதிகளைக் காட்டின் போக்கிலேயே விட்டனர். வட அமெரிக்காவிலிருந்து வந்த ரொபினியா மரங்களும் அங்கு வாழ்கின்றன. செடிகள் மிதிபடாதிருக்க, முக்கியப் பகுதியில் தரைக்குச் சற்று மேலே உலோக நடைபாதை அமைக்கப்பட்டது. பழைய தண்டவாளங்களும் நீர்க்கோபுரமும் அகற்றப்படவில்லை. இன்று தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன.

சிங்கப்பூரிலும் இதை ஒத்த கதை ஒன்று உண்டு. மலாயன் ரயில்வே பயன்படுத்திய ரயில் நிலம், 2011 ஜூலை முதல் நாள் சிங்கப்பூரிடம் திரும்பி வந்தது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை இன்று மக்கள் நடந்து மகிழும் பசுமை வழியாக விளங்குகிறது.

வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைப் பார்க்கும்போது, “இங்கே என்ன கட்டலாம்?” என்று கேட்பது இயல்பு. அதற்கு முன், “இங்கே ஏற்கெனவே என்ன வாழ்கிறது?” என்றும் கேட்டுப் பார்ப்போம்.

சிந்தித்து விடையளிக்க:

1. மேற்கு பெர்லினில் இருந்த ரயில் நிலம் பல ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தது ஏன்?

2. பூங்காவின் சில பகுதிகளில் இளமரங்களை அகற்றுவது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.