போன் முதலில், டவுன்லோடு பிறகு: ராணுவ டெலிபோன் கற்றுத் தரும் பாடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி பிராட்பேண்ட் இணைப்பும் கொடுத்துவிட்டீர்களா? அந்த ஒரே இணைப்பை கம்ப்யூட்டர், இரண்டு மூன்று செல்போன்கள், டிவி எல்லாம் பங்கு போட்டுக் கொள்கின்றன. எல்லாமே ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலிடம்? இந்தக் கேள்விக்கு ராணுவ டெலிபோன் நெட்வொர்க்குகளில் 1960களிலேயே விதிகள் எழுதி வைத்தார்கள். அந்த விதிகளையும், அவை உங்கள் வீட்டு ரவுட்டருக்கு எப்படி உதவும் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். 2021ல் கொரோனா காரணமாக பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்த்து வந்தேன். என் மாமா அப்போது ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தார். சிக்னல் கிடைக்கும் நாட்களில் மட்டும் இன்டர்நெட் வழியாக அம்மிச்சியிடம் பேசுவார். போன் வந்தால் பக்கத்தில் ஓடும் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார் அம்மிச்சி.

ஒருநாள் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே மாமாவின் குரல் வெட்டி வெட்டி வந்தது. பிறகு நின்றே போனது. காரணம் நான்தான். உள்ளறையில் என் கம்ப்யூட்டர் ஒரு பெரிய ஃபைலை ஆபீஸ் சர்வருக்கு அப்லோடு செய்து கொண்டிருந்தது. அடுத்த போன் வர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் அம்மிச்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார்.

லீவில் வந்த மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்க எக்ஸ்சேஞ்சுல இப்படி நடக்காது மாப்ள. எது அவசரமோ அதுக்குத்தான் லைன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு 1911ல் தொடங்கப்பட்டது. அதன் குறிக்கோள் வாசகம் ‘தீவ்ர சௌகஸ்’. வேகமும் விழிப்பும் என்று பொருள் கொள்ளலாம். மாமா விழிப்பாக இருந்துவிட்டார்! எனவே வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ள அமெரிக்க ராணுவ விதிகளை எடுத்துப் படித்தேன்.

ராணுவ போனின் ஐந்து விதிகள்

அமெரிக்க ராணுவம் 1960களில் ‘ஆட்டோவான்’ என்ற தனி டெலிபோன் நெட்வொர்க்கை அமைத்தது. பின்னர் அதன் இடத்தில் ‘டிஃபென்ஸ் ஸ்விட்ச்டு நெட்வொர்க்’ வந்தது. இவற்றைப் பயன்படுத்துவோருக்கான முக்கிய விதிகள் இவை.

1. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு படி உண்டு. கீழிருந்து மேலாக ரொட்டீன், பிரையாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என ஐந்து படிகள். நம் போனில் மூன்று வரிசை பட்டன்கள்தானே இருக்கும்? ஆட்டோவான் போனில் வலது ஓரத்தில் நான்காவதாக ஒரு வரிசை உண்டு. மேல் நான்கு படிகளுக்கும் ஆளுக்கொரு பட்டன். ரொட்டீனுக்குப் பட்டன் தேவையில்லை.

2. படியைத் தீர்மானிப்பது பேசப்போகும் விஷயத்தின் அவசரம். அழைப்பவரின் பதவி அல்ல. பெரிய அதிகாரியாக இருந்தாலும் சாதாரண விஷயம் என்றால் ரொட்டீன்தான்.

3. எந்த போனிலிருந்து அதிகபட்சம் எந்தப் படி வரை அழைக்கலாம் என்பது எக்ஸ்சேஞ்சிலேயே பதிவாகியிருக்கும். உச்சப்படியான ஃபிளாஷ் ஓவர்ரைடு ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சர், உச்ச தளபதிகள் போன்ற மிகச் சிலருக்கே.

4. லைன்கள் நிரம்பியிருக்கும்போது மேல்படி அழைப்பு வந்தால் கீழ்ப்படி அழைப்பு துண்டிக்கப்படும். பேசிக் கொண்டிருப்பவருக்குத் தனி ஒலி ஒன்று கேட்கும். உடனே போனை வைத்துவிட வேண்டும்.

5. சாதாரண லைனில் ரகசியம் பேசக் கூடாது. இந்த போன் ஒட்டுக் கேட்கப்படலாம், பயன்படுத்தினாலே அதற்குச் சம்மதித்ததாக அர்த்தம் என்று போன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

நம் ஊர் டிரங்க் கால்

அவசரத்துக்கு முதலிடம் என்பது நமக்கும் புதிதல்ல. எஸ்.டி.டி. வசதி பரவுவதற்கு முன் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்வார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என மூன்று வகை. அர்ஜென்ட்டுக்கு இரண்டு மடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம். இங்கே பணம் கொடுத்தவருக்கு முதலிடம். ராணுவத்திலோ தேவை உள்ளவருக்கு முதலிடம். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லோருமே ‘அவசரம்’ என்று சொல்லிவிடாதபடி ஒரு தடை இருந்தது.

உங்கள் கம்ப்யூட்டருக்குள் ராணுவ விதி

இன்டர்நெட்டில் நாம் அனுப்பும் எதுவும் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் விலாசம் முதலிய விவரங்கள் இருக்கும். 1981ல் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் இந்த முகப்பை வரையறுத்தது. அதில் மூன்று பிட்டுகள் முன்னுரிமைக்கென ஒதுக்கப்பட்டன. 0 ரொட்டீன், 1 பிரையாரிட்டி, 2 இம்மீடியட், 3 ஃபிளாஷ், 4 ஃபிளாஷ் ஓவர்ரைடு. அதே ஐந்து பெயர்கள்! இன்டர்நெட்டின் ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவத் துறை என்பதால் இதில் ஆச்சரியமில்லை. 1998ல் இந்த முறை மாற்றப்பட்டு ஆறு பிட்டுகள் கொண்ட புதிய முறை வந்தது. குரல் பாக்கெட்டுகளுக்கு வழக்கமாக இடப்படும் எண் 46.

அப்படியானால் மாமாவின் குரல் ஏன் வெட்டியது? மூன்றாவது விதியைப் பாருங்கள். ராணுவத்தில் யார் எந்தப் படியைப் பயன்படுத்தலாம் என்று எக்ஸ்சேஞ்ச் சரிபார்க்கிறது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் தன் பாக்கெட்டில் உயர்ந்த எண்ணைப் போட்டுவிடலாம். எனவே பல இன்டர்நெட் கம்பெனிகள் அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை, அல்லது பூஜ்ஜியமாக்கிவிடுகின்றன. நம் ராணுவம் தனக்கென்று ‘ஆஸ்கான்’ என்ற தனி நெட்வொர்க் வைத்திருப்பதன் ஒரு பயன் இதுதான். சொந்த நெட்வொர்க்கில் சொந்த விதியை அமல்படுத்தலாம். இதன் நான்காம் கட்டத்துக்கு 2020 அக்டோபரில் பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.ஐ.யுடன் சுமார் 7,796 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. பழைய தொழில்நுட்பத்திலிருந்து ஐ.பி. முறைக்கு மாறுவது அதன் முக்கிய அம்சம்.

வீட்டில் நீங்கள்தான் எக்ஸ்சேஞ்ச்

வெளியே உங்கள் விதி செல்லாது. ஆனால் வீட்டு ரவுட்டர் உங்கள் கையில் இருக்கிறது. இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போனதும் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்து கியூ.ஓ.எஸ். என்ற மெனுவைத் தேடுங்கள். சில ரவுட்டர்களில் ‘டிவைஸ் பிரையாரிட்டி’ என்றிருக்கும். சில மலிவு மாடல்களில் இருக்காது. உங்கள் இணைப்பின் வேகத்தைக் கேட்டால் உண்மை வேகத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கொடுங்கள். அப்போதுதான் நெரிசல் வெளியே ஏற்படாமல் உங்கள் ரவுட்டரிலேயே ஏற்படும். யாரை முதலில் விடுவது என்று அது முடிவு செய்ய முடியும்.

பிறகு ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் உயர்ந்த இடம் கொடுங்கள். எல்லாவற்றையும் ‘ஹை’ என்று வைத்தால் ஒன்றும் வைக்காதது போலத்தான்.

ரவுட்டரில் இந்த வசதி இல்லையா? கவலை வேண்டாம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வரிசையில் சென்று, அப்டேட் எடுத்துக்கொள்ளும் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். பெரிய அப்லோடு, டவுன்லோடுகளை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது விதியையும் மறக்க வேண்டாம். போனிலோ மெயிலிலோ யார் கேட்டாலும் ஓ.டி.பி., பாஸ்வேர்டு, ஏ.டி.எம். பின் நம்பர் சொல்லாதீர்கள். ‘ராணுவத்திலிருந்து பேசுகிறேன்’ என்று சொல்லி, பழைய வண்டி விற்பதாகவும் வாடகைக்கு வீடு கேட்பதாகவும் பணம் பறித்த மோசடிகள் நாட்டில் பல நடந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் நான் உயர்ந்த இடம் கொடுத்தது அம்மிச்சியின் போனுக்கு. என் ஆபீஸ் கம்ப்யூட்டர் ரொட்டீன். அடுத்த முறை மாமா கூப்பிட்டபோதும் என் அப்லோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குரல் தடங்கலில்லாமல் வந்தது. "எங்கே சாமி இருக்கறே?" என்று அம்மிச்சி வழக்கம்போலக் கேட்டார். "நல்லா இருக்கறேன்மா, நீ சாப்பிட்டியா?" என்று மாமாவும் வழக்கம்போலவே பதில் சொன்னார்.

உங்கள் வீட்டில் யாருடைய போனுக்கு முதலிடம்? இன்று மாலையே ரவுட்டரைத் திறந்து மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.