முரசில் இரத்தம் கண்டால்

மஸ்கெலியா

அன்புள்ள மகன்,

பல் விளக்கும்போது முரசில் இரத்தம் கசிகிறது, அதனால் அந்தப் பக்கம் பிரஷ் போடுவதையே விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னாய். "நாற்பது தாண்டியாச்சு, இனி இப்படித்தான் பெரியப்பா" என்றாய். அப்போதிருந்து மனசு கேட்கவில்லை.

வயசு பல்லைப் பிடுங்குவதில்லை. அதற்குச் சாட்சி நம் தோட்டத்து ஆட்கள்தான். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேப் பல் நிபுணரின் குழு, பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தது. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். அந்த ஆட்களுக்கு பிரஷ் பழக்கமில்லை, பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனாலும் முரசு நோய் பல்லைத் தின்றது. நூற்றுக்கு 8 பேர் 45 வயதுக்குள் பொக்கை வாயாகிவிட்டார்கள். 81 பேருக்கு மெல்ல மெல்லச் சேதம். 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மிச்சம் 11 பேருக்கு முரசு வீங்கிச் சிவந்ததோடு சரி. எல்லாரும் ஒரே மலையில் ஒரே வேலை செய்தவர்கள். உன் உடம்பு இதில் எந்த வகை என்று இப்போது சொல்ல முடியாது. அதனால்தான் கசிவை அலட்சியப்படுத்தாதே என்கிறேன்.

இரத்தம் வரும் இடம்தான் அழுக்கு தங்கிய இடம். நார் மெதுவான பிரஷ்ஷை பல்லும் முரசும் சேரும் விளிம்பில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறுகச் சிறுக அசை. இரவு படுக்கப் போகுமுன் கட்டாயம். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல் தேய்ந்துபோகும். கீழ் முன்பல்லின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பார். சொரசொரவென்று இருந்தால் அது காறை. எந்த பிரஷ்ஷுக்கும் அது வராது, கிளினிக்கில்தான் சுரண்டி எடுக்க வேண்டும். காறையை எடுத்தால் பல் ஆடும் என்று லயத்தில் பயமுறுத்துவார்கள். பல் ஆடுவது அதைத் தாங்கும் எலும்பு கரைந்துபோனதால். காறையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசும் இல்லை.

உன் அம்மாவையும் கூட்டிப் போ. குளிரிலும் பசியிலும் கொழுந்தெடுத்தவர் வெற்றிலை போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புகையிலையை விட்டுவிட்டேன், இனிப் பயமில்லை என்று இருக்கிறாரே, அது சரியில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 அறிக்கையில் சொல்லிவிட்டது. கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண் – இதில் எது இருந்தாலும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லி வை.

போகும்போது உன் சீனி வருத்தத்துக் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள். சீனி கூடினால் முரசும் மோசமாகும், முரசு பழுத்துக் கிடந்தால் சீனியை இறக்குவதும் கஷ்டம். பல் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீயே கொப்பியைக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா