கண்மாய்களில் அரிதாய்க் காணும் செண்டு வாத்தை அறிந்துகொள்ளும் முறை

மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்பியபின், நீர்ப்பறவைகள் திரளாக வந்து தங்குதல் யாவரும் அறிந்ததே. சாமநத்தம், வண்டியூர் போன்ற கண்மாய்களின் கரையில் நிற்போர் இதனைக் கண்டிருப்பர். ஆயினும் நீரில் மிதப்பன யாவற்றையும் வாத்து என்றே பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இதனால் விளையும் தீமை இரண்டு. நெல்லுக்குச் சேதம் நேர்ந்தால் குற்றமற்ற பறவையின்மீது பழி விழுகிறது. அரிய பறவையொன்று வந்திருப்பினும் அறியப்படாமலே அழிந்துபோகிறது. தென்னாட்டில் அரிதாகவே காணப்படும் செண்டு வாத்து இத்தகையது.

அடையாளங்கள்: இது உருவிற் பெரிய வாத்து. தலையும் கழுத்தும் வெண்மையாய்க் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். முதுகு கறுத்து, வெயில் படுகையில் பச்சையும் நீலமுமாய் மின்னும், அடிப்பாகம் வெண்மை. ஆணின் அலகின்மேல் கறுத்த தசைச் செண்டு ஒன்று உண்டு. அது இனப்பெருக்கக் காலத்தில் பருத்தும் மற்றக் காலத்தில் சிறுத்தும் இருக்கும். பேட்டுக்குச் செண்டு இல்லை. அது ஆணினும் மிகச் சிறியது. ஆகவே செண்டில்லை என்பதுகொண்டு வேறு பறவையெனத் துணிதல் கூடாது. பறக்குங்கால் இறக்கையின் மேலும் கீழும் கறுத்துத் தோன்றுவதை நோக்குக.

மயங்கத்தக்க பறவைகள்: புள்ளிமூக்கு வாத்தின் கறுத்த அலகு மஞ்சள் நுனியுடையது, கால்கள் செந்நிறமானவை. சீழ்க்கைச் சிறகி பழுப்பு நிறமுடையது. பறக்கையில் சீழ்க்கை ஒலி எழுப்பும். வீடுகளில் வளர்க்கப்படும் மஸ்கோவி வாத்தின் முகத்தில் சிவந்த தோல்முண்டுகள் காணப்படும். வெண்ணெற்றியுடன் கரிய உடல் கொண்ட நாமக்கோழியோ வாத்தினமே அன்று.

உணவும் பயிரும்: புல்வித்துக்கள், நீர்ச்செடிகளின் தளிர், நீர்ப்பூச்சிகள் ஆகியவை இதன் உணவு. நெல்வயலிலும் இறங்கி மேயும் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அரிதாய் வரும் பறவையால் பெருஞ்சேதம் விளையுமென அஞ்ச வேண்டுவதில்லை. சேதம் கண்டவிடத்து முதலில் வயலைச் சோதித்தல் வேண்டும். தாள்கள் அடியில் சாய்வாக வெட்டுண்டு கிடப்பின் அது எலியின் வேலை. பின்னர் விடியலிலும் அந்தியிலும் வரப்பில் நின்று, இறங்கும் பறவை இன்னதென்று கண்டறிக. நஞ்சு கலந்த தானியம் தூவுதல் ஒருபோதும் ஆகாது; அது கால்நடைகளுக்கும் கண்மாய் நீருக்கும் கேடு. காட்டு வாத்துக்களைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது: செண்டு வாத்து முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். கண்மாய்ப் புறம்போக்கில் நிற்கும் பழைய மருதும் ஆலும் உள்ளே பொந்து விழுந்தவை என்பதனாலேயே பயனற்றவை ஆகிவிடா. அவற்றை வெட்டினால், நீர் நிறைந்திருப்பினும் இப்பறவை அங்குக் குஞ்சு பொரிக்க இடமின்றிப் போய்விடும்.

குறிப்பெடுக்கும் முறை: பறவையைக் கண்ட நாள், நேரம், எண்ணிக்கை, அலகு, கால், இறக்கை ஆகியவற்றின் நிறம், கண்மாயில் அது இருந்த பக்கம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். அருகே சென்று வெருட்டாமல், தொலைவிலிருந்தே படம் எடுத்து வனத்துறையினருக்குத் தெரிவிக்கலாம். 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் நடைபெற்றுவரும் பறவைக் கணக்கெடுப்பிலும் அதனைச் சேர்க்கலாம். நினைவிலிருந்து பிற்பாடு எழுதும் குறிப்பு ஐயத்திற்கே இடமாகும்.

இன்னதென்று அறிந்த பின்னரே விரட்டுவதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்வது விவேகமுள்ள விவசாயிக்கு அழகு.