உன் தம்ப்நெயில் உன்னிடம் இருக்கிறதா?

சமையல், கோலம், பிளவுஸ் தையல் என்று ஹைதராபாத்தில் வீட்டிலிருந்தே யூடியூப் சேனல் நடத்தும் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் என்னைப் பார்த்தால்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள். "அக்கா, பழைய வீடியோவோட தம்ப்நெயில் எல்லாம் போனோட போயிடுச்சு. திரும்ப எடுக்க முடியுமா?"

முடியும்மா. ஆனால் அந்த முகப்புப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே. அதில் வீடியோவின் நேரமும் மற்ற குறிகளும் சேர்ந்து வரும், படமும் மங்கிவிடும். ஒவ்வொரு வீடியோவுக்கும் எழுத்து, எண், குறி கலந்த 11 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. ஷேர் லிங்க்கில் கடைசிச் சாய்கோட்டுக்கும் கேள்விக்குறிக்கும் நடுவில் இருப்பது அதுதான். பிரவுசரில் 'ஐஎம்ஜி டாட் யூடியூப் டாட் காம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு சாய்கோடு, 'விஐ', இன்னொரு சாய்கோடு, பிறகு அந்த 11 எழுத்து, மறுபடி சாய்கோடு, கடைசியில் 'மேக்ஸ்ரெஸ்டிஃபால்ட் டாட் ஜேபிஜி' என்று இடைவெளி விடாமல் சேர்த்து அடி. படம் பெரிய அளவில் வந்து நிற்கும், சேமித்துக்கொள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் வராது. பழைய வீடியோ சிலவற்றுக்குப் பெரிய படம் இருக்காது; 'மேக்ஸ்ரெஸ்' இருந்த இடத்தில் 'ஹெச்க்யூ' போட்டால் 480க்கு 360 அளவில், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு கிடைக்கும். பட்டையை கிராப் செய்துவிடலாம். ஒன்று கவனி: நீ தம்ப்நெயிலை மாற்றிவிட்டால் பழைய படம் அந்த முகவரியில் நிலைக்காது. மாற்றும் முன்பே எடுத்து வை.

இது தொலைந்ததை மீட்கும் வழி. தொலையாமல் வைக்க வேண்டுமென்றால், எழுத்து போடுவதற்கு முந்தைய படத்தைத் தனியாகச் சேமி. எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். எழுத்து ஒட்டிய படத்தை வேறு எதற்கும் திருப்பிப் பயன்படுத்த முடியாது. எழுத்தில்லாத படம் இருந்தால், சங்கராந்திக்குச் சகினாலு, ரம்ஜானுக்கு ஹலீம், ஆடிக்குக் கூழ் என்று வருஷா வருஷம் அந்தந்த சீசனில் தலைப்பை மட்டும் மாற்றிப் போடலாம்.

இந்த ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே படத்துக்குத் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று செய்ய வேண்டிவரும். தெலுங்கில் எழுத்துக்குக் கீழே 'ஒத்து' என்ற சிறு வடிவம் தொங்கும். தமிழுக்குச் சரியாக இருந்த வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரி ஒத்து கீழ் வரி எழுத்தில் போய் இடிக்கும். தெலுங்குக்கு இடைவெளியைக் கூட்டு. தமிழில் சொல் நீளம், அதனால் மூன்று நான்கு சொல்லுக்குள் நிறுத்து. இரண்டிலுமே வலது கீழ் மூலையில் எதுவும் எழுதாதே; வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும்.

ஃபைலுக்கு 'ஐஎம்ஜி' என்று கேமரா வைத்த பெயரை விடாமல், வருஷம், பண்டம், மொழி என்று பெயர் வை. லேப்டாப்பில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் உனக்கே அனுப்பி வைப்பதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்பு. போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். தம்ப்நெயிலின் 1280க்கு 720 அளவு திரைக்குப் போதும், அச்சுக்குப் போதாது. நல்ல தரத்தில் அச்சடித்தால் நாலேகால் அங்குல அகலம்தான் தேறும். எக்ஸிபிஷன் ஸ்டாலுக்கு ஃபிளெக்ஸ் போட வேண்டும் என்றால் கேமராவில் எடுத்த மூலப் படம்தான் வேண்டும்.

அடுத்ததை அழுத்தியே சொல்கிறேன். மேலே சொன்ன வழியில் யாருடைய தம்ப்நெயிலையும் எடுத்துவிடலாம். எடுக்க முடிவது வேறு, போட உரிமை இருப்பது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படத்துக்கும் உரிமை உண்டு. விமர்சனம், செய்தி போன்றவற்றுக்குச் சட்டம் இடம் தருகிறது. இன்னொருத்தி எடுத்த ஹலீம் படத்தை உன் ஹலீம் என்று காட்டுவது அதில் சேராது. 'நன்றி: கூகுள்' என்று போடுவது அனுமதி ஆகாது. படம் எடுத்தவரிடம் கேள், அவர் தந்த பதிலைப் பத்திரமாக வை. 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

முகத்துக்கும் உரிமை உண்டு. 2025 செப்டம்பரில் நடிகர் சிரஞ்சீவி தொடுத்த வழக்கில், அனுமதியில்லாமல் அவர் பெயர், படம், குரலை வணிகத்துக்குப் பயன்படுத்த ஹைதராபாத் சிட்டி சிவில் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது. வியூஸுக்காக ஒரு நடிகர் படத்தைப் பிரியாணி வீடியோவில் ஒட்டுவது ஏமாற்றும் வேலையும்கூட. சிரஞ்சீவிக்குக் கோர்ட் இருக்கிறது. லாட் பஜாரில் வளையல் விற்கும் அம்மாவுக்கு? அவர் முகத்தைப் பெரிதாக்கி, மேலே சிவப்பு அம்புக்குறி போட்டு, 'இவரைப் பாருங்க' என்று எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? படத்தை அவருக்குக் காட்டு. வேண்டாம் என்றால் வளையலை மட்டும் போடு.

இன்று இரவே உன் சேனலைத் திறந்து பார். உன்னுடைய படங்களைச் சேமித்துக்கொள். கேட்காமல் எடுத்த படம் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடு. தம்ப்நெயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வியூஸும் கமெண்ட்டும் அப்படியே இருக்கும்.