கனமாகக் கட்டினால் மீன் வருமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: கடலில் பாஸ் மீனுக்குத் தூண்டில் கட்டுவது

கோடை வந்துவிட்டால் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து தூண்டில் படகுகள் பாஸ் மீனைத் தேடிக் கிளம்பும். பிளிமத்துக்கு வெளியே எடிஸ்டோன் பார் (கடலடிப் பாறைத் திட்டு), ஸ்டார்ட் முனைக்கு அருகே ஸ்கெரீஸ் திட்டு, போர்ட்லண்டை ஒட்டி ஷாம்பிள்ஸ் திட்டு ஆகியவை பேர்போன இடங்கள். அங்கே போனதும் என்ஜினை அடக்கி, படகை நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிட்டுத் தூண்டிலை இறக்குவார்கள். திட்டைத் தாண்டியதும் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஓட்டம் வரும் பக்கத்துக்கே திரும்பிப் போய் மறுபடி மிதப்பார்கள்.

இந்த முறைக்கு ஒரு முள், ஓர் ஈயம், அதைத் தொங்கவிட ஒரு குழாய்த் தண்டு, ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), ஒரு மணி (பாசி), கொஞ்சம் தங்கூசி நரம்பு போதும். புதிதாகப் படகேறுபவர்களோ கனமும் எண்ணிக்கையும் கூடினால் மீனும் கூடும் என்று நம்பி, பாதி நாளைச் சிக்கெடுப்பதிலேயே கழிக்கிறார்கள். அந்த நம்பிக்கைகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: இது நம் ஊர்க் கொடுவாதானே? அதே கட்டு போதும்.

உண்மை: கொடுவாவையும் ‘சீ பாஸ்’ என்று விற்பதால் வரும் குழப்பம் இது. இரண்டும் வேறு வேறு குடும்பம். கழிமுகத்துக் கொடுவாவின் வாய்விளிம்பும் கூரிய செவுள் மூடியும் நரம்பை அறுத்துவிடும் என்று, முள்ளை ஒட்டி வரும் முன்நரம்பைத் தடித்ததாகப் போடுகிறோம். ஐரோப்பிய பாஸ் உடல் ஒடுங்கிய வெள்ளி மீன். தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. அதற்கு 15 முதல் 20 பவுண்டு இழுவிசை தாங்கும் மெல்லிய முன்நரம்பே போதும். ஆனால் முதுகுத் துடுப்பின் முட்களும் செவுள் மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும். அந்த விஷயத்தில் கொடுவாவிடம் காட்டும் எச்சரிக்கையை இங்கேயும் காட்டலாம்.

நம்பிக்கை: நீரோட்டம் வேகமாக இருந்தால் ஈயம் கனமாக இருக்க வேண்டும்.

உண்மை: நங்கூரம் போட்ட படகுக்கு இது சரி. அங்கே படகு நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. நரம்பைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகாமலிருக்கக் கனம் வேண்டும். மிதக்கும் படகில் கதை வேறு. படகும் நரம்பும் இரையும் ஒரே ரயிலில் போகும் பயணிகள் மாதிரி. ரயில் எத்தனை வேகமாக ஓடினாலும் ஒருவரையொருவர் விட்டு விலகுவதில்லை. அதனால்தான் நங்கூரத்தில் தேவைப்படும் ஈயத்தில் பாதிகூட இல்லாமல் இங்கே தரையைத் தொட முடிகிறது.

அப்படியானால் நரம்பு ஏன் சில நேரம் சாய்ந்து போகிறது? காரணம் இரண்டு. அடித்தரையின் உராய்வால் கீழே ஓட்டம் மேலே இருப்பதைவிட மெதுவாக இருக்கும், படகு முந்திக்கொள்ளும். இரண்டாவது, காற்று. படகின் உடம்பில் காற்று பிடித்துத் தள்ளும், நீருக்குள் இருக்கும் இரையைத் தள்ளாது. காற்று பலத்தால் ஈயத்தைக் கூட்டுவதற்கு முன்னால், கூம்பு வடிவத் துணிப்பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவார்கள். அது படகைப் பிடித்து இழுத்து, காற்றின் தள்ளலைக் குறைக்கும். காற்று வரும் பக்கத்திலிருந்தே தூண்டில் போட வேண்டும் என்பதும் இதனால்தான். மறுபக்கம் போட்டால் படகு நரம்பின் மேலேயே ஏறிவிடும்.

நம்பிக்கை: மூன்று முள் கட்டினால் மூன்று மீன்.

உண்மை: அயிலைக்கு அது சரியாக வரும். பாஸுக்கு ஒற்றை முள் கட்டே பழகிய கட்டு. ரீலிலிருந்து வரும் நரம்பை ஒரு பிளாஸ்டிக் குழாய்த் தண்டுக்குள் நுழையுங்கள். ஈயம் அந்தத் தண்டில் தொங்கும். அடுத்து ஒரு மணி. பிறகு ஸ்விவலைக் கட்டுங்கள். மணி இல்லாவிட்டால் தண்டு வந்து வந்து முடிச்சை இடித்துத் தேய்த்துவிடும். ஸ்விவலின் மறுகண்ணில் இரண்டு முதல் மூன்று மீட்டர் முன்நரம்பு, அதன் நுனியில் 3/0 அல்லது 4/0 முள். கட்டு அவ்வளவுதான்.

மீன் இரையைக் கவ்வி நகரும்போது நரம்பு தண்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஈயத்தின் கனம் மீனுக்கு உறைக்காது. இறக்கும்போது முன்நரம்பு ரீல் நரம்பைச் சுற்றிக்கொள்ளாமல் அந்தத் தண்டு தள்ளிப் பிடித்திருக்கும். கூடுதல் முட்கள் பாறையில் மாட்டுவதற்குத்தான் உதவும். ஈயத்தைப் பலம் குறைந்த சிறு தங்கூசித் துண்டால் தண்டில் கட்டுவதும் நல்ல பழக்கம். ஈயம் பாரில் மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறும். முள்ளும் மீனும் தப்பும்.

நம்பிக்கை: ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் மீனுக்குத் தெரியவே தெரியாது.

உண்மை: குறைவாகத் தெரியும், அவ்வளவே. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு சுமார் 1.42, நைலானுக்கு 1.5-க்கும் மேல். தண்ணீருக்கு நெருங்கியதே தவிர, ஒன்றானதில்லை. பாரில் உராயும்போது தாக்குப்பிடிப்பது இதன் இன்னொரு பலம். கடல் கலங்கியிருக்கும் நாளில் முன்நரம்பின் நீளத்தைக் குறைத்தாலும் நட்டமில்லை.

நம்பிக்கை: பலமான நரம்பு வாங்கிவிட்டால் முடிச்சு எதுவானாலும் சரி.

உண்மை: நரம்பு பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது அந்த இடத்திலேயே நைந்துபோகும். முள்ளின் கண்ணில் நுழைத்த நுனியைத் திருப்பி, நரம்போடு சேர்த்து வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் ஐந்து சுற்று சுற்றுங்கள். பிறகு எச்சிலால் நனைத்து, மெதுவாக, ஒரே சீராக இழுத்து இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுத்திருக்க வேண்டும். ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதே மலிவு. சரியாக அமைந்ததும் முள்ளைப் படகின் கட்டையில் மாட்டி ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: ஈயம் தரையிலேயே கிடக்க வேண்டும், கடித்த கணமே சுண்ட வேண்டும்.

உண்மை: படகு நகர நகரத் தரையும் ஏறி இறங்கும். ஈயம் தரையில் ‘டொக்’கென்று தட்டியதும் இரண்டு மூன்று சுற்று மேலே எடுத்துவிட்டு, அவ்வப்போது இறக்கித் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். படகோட்டி எதிரொலிக் கருவியைப் பார்த்து, ‘பார் ஏறுகிறது’ என்று குரல் கொடுத்தால் உடனே சுருட்ட வேண்டும். ஓட்டம் பாரில் மோதி மேலெழும் ஓரங்களில்தான் பாஸ் காத்திருக்கும்.

இரை பெரும்பாலும் உயிருள்ள சேண்ட் ஈல், விரலைவிட நீளமான ஒல்லி மீன். முள்ளைக் கீழ்த்தாடை வழியே ஏற்றி, வயிற்றுத் தோலில் லேசாகக் குத்தினால் அது நேராக நீந்தும். கோணலாகக் குத்தினால் சுழன்று சுழன்று நரம்பை முறுக்கிவிடும். பாஸ் முதலில் தட்டிப் பார்க்கும். அப்போது சுண்டினால் இரை மட்டும் பறிபோகும். கொஞ்சம் நரம்பு விட்டுக்கொடுத்து, கோலின் நுனி நிதானமாக வளைந்து கீழே இறங்கும்வரை பொறுத்து, அப்புறம் கோலைத் தூக்கிச் சுருட்டினால் போதும்.

நம்பிக்கை: சின்ன மீன் ஒன்றிரண்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உண்மை: பாஸ் மெதுவாக வளரும் மீன், பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். ஒருகாலத்தில் 36 சென்டிமீட்டராக இருந்த குறைந்தபட்ச அளவை 2015 செப்டம்பரில் 42 சென்டிமீட்டராக உயர்த்தியதற்கு அதுவே காரணம். ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த மாதங்களில் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுகோல் ஒன்றும் நீள மூக்குக் குறடு ஒன்றும் தூண்டில் பெட்டியில் இருக்கட்டும். ஒற்றை முள் என்றால் கழற்றிவிடுவதும் எளிது.